பண்டிகைப் பந்தியில் பரதேசி

எங்கள் ஊரில் அசனத்துக்கு முந்தின ராத்திரி யாரும் தூங்குவதில்லை. திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. சபைகளில், பிரதிஷ்டை பண்டிகையை ஒட்டி சபை மொத்தமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதற்கு அசனம் என்று பெயர். கோயிலுக்குப் பின்னால் புளியமரத்தடியில் நீளமாகப் பள்ளம் தோண்டி அடுப்பு போடுவார்கள். (சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம்.) பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார்கள், ஆண்கள் ஆட்டுக்கறியைத் துண்டு போடுவார்கள், விறகு எடுத்துக் கொடுப்பது சிறுவர்கள் வேலை. விடிகிற நேரத்தில் ஓலைப்பாய் போட்டு, அதன்மேல் வெள்ளை வேட்டி விரித்து, வடித்த சோற்றைக் கொட்டிக்கொண்டே இருப்பார்கள். ஆவி பறக்கும் அந்தக் குவியல் ஓர் ஆளின் இடுப்பு உயரம் வரும். பக்கத்தில் நின்றால் முகத்தில் வெக்கை அடிக்கும். வேதாகமத்தில் பண்டிகை என்ற சொல்லை எப்போது வாசித்தாலும் எனக்கு முதலில் வருவது அந்தச் சோற்றின் வாசனைதான்.

எனக்குப் பத்தொன்பது வயதான வருஷம் அசனத்துக்கு டோக்கன் வந்தது. அதற்கு முந்தின வருஷம் சோறு பற்றாமல் போய், காணிக்கை கொடுத்த சில குடும்பங்கள் வெறும் தூக்குவாளியோடு வீடு திரும்ப வேண்டியதாகிவிட்டது. பெரிய சண்டை. அதனால் பங்கு செலுத்திய குடும்பத்துக்கு இத்தனை டோக்கன் என்று கமிட்டியில் முடிவு செய்தார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கையில் ஒரு நோட்டைக் கொடுத்து என்னை வாசலில் உட்கார வைத்தார்கள்.

அப்போது நாலுவழிச் சாலை போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. எங்கிருந்தோ வந்த பத்துப் பதினைந்து குடும்பங்கள் குளத்தங்கரையில் நீலத் தார்ப்பாய் கட்டித் தங்கியிருந்தார்கள். அவர்களில் ஒரு பெண், இடுப்பில் பிள்ளையோடு, ஓர் அலுமினியச் சட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். டோக்கன் இருக்கிறதா என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை, சட்டியைக் காட்டினாள். நான் நோட்டைக் காட்டினேன். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "பரதேசியெல்லாம் வர ஆரம்பிச்சா கட்டுப்படியாகுமா?" என்றார். நான் ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினேன். அவள் எதுவும் சொல்லவில்லை. பிள்ளையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

நான் வேதாகமப் பண்டிகைகளைப் பற்றி முறையாகப் படித்தது அதற்கு அடுத்த மாதங்களில்தான். வாலிபர் கூட்டத்தில் ஒரு தொடர் வகுப்பு வைத்தார்கள். சுவரில் பெரிய வரைபடம் ஒன்றை மாட்டி, பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 23ஆம் அதிகாரத்தில் வரும் ஏழு யூதப் பண்டிகைகளையும், கிறிஸ்துவைப் பற்றிய எந்த நிகழ்வுக்கு எது முன்னடையாளம் என்று ஒவ்வொன்றாக விளக்கினார்கள். தமிழ்ச் சபைகளில் வளர்ந்த பலருக்கும் இந்தப் படம் பழக்கமானது. பஸ்கா, சிலுவை மரணம். புளிப்பில்லாத அப்பப் பண்டிகை, பாவமில்லாத சரீரம் கல்லறையில் இருந்தது. முதற்பலன், உயிர்த்தெழுதல். வாரங்களின் பண்டிகை, பெந்தெகொஸ்தே நாளில் ஆவியானவர் இறங்கியது. இந்த நான்கும் நிறைவேறிவிட்டன, எக்காளம், பாவநிவிர்த்தி, கூடாரம் என்ற மூன்றும் இரண்டாம் வருகைக்குக் காத்திருக்கின்றன என்பார்கள்.

இந்த விளக்கத்தை நான் இன்றும் மதிக்கிறேன். அதற்கு வேதத்திலேயே வேர் இருக்கிறது. "நம்முடைய பஸ்காவாகிய கிறிஸ்து நமக்காகப் பலியிடப்பட்டிருக்கிறாரே" என்று அப்போஸ்தலர் பவுல் எழுதுகிறார். உயிர்த்த கிறிஸ்துவை முதற்பலன் என்று அழைப்பதும் அவரேதான். பண்டிகை நாட்களும் மாதப்பிறப்பும் வருங்காரியங்களுக்கு நிழல், அவற்றின் பொருள் கிறிஸ்துவைப் பற்றியது என்று கொலோசெயருக்குச் சொல்கிறார். இஸ்ரவேலர் எகிப்திலிருந்து விடுதலையானபோது ஆட்டுக்குட்டியின் இரத்தம் நிலைக்காலில் பூசப்பட்ட அந்த முதல் பஸ்கா ராத்திரியை விட்டுவிட்டால் பெரிய வெள்ளியே நமக்குப் புரியாது. இயேசு தம் சீஷரோடு உட்கார்ந்த கடைசி இராப்போஜனத்தை மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் பஸ்கா விருந்தாகவே சொல்கிறார்கள். அது முடிந்து ஸ்தோத்திரப்பாட்டைப் பாடிவிட்டு ஒலிவமலைக்குப் போனார்கள் என்று வருகிறதே, பஸ்கா ராத்திரியில் யூதர்கள் பாடுவது 113 முதல் 118 வரையுள்ள சங்கீதங்கள். வீடு கட்டுகிறவர்கள் ஆகாதென்று தள்ளின கல்லைப் பற்றிய சங்கீதம் அந்த 118தான். சில மணி நேரத்தில் தாமே தள்ளப்படப்போகிறவர் அதைப் பாடியிருப்பார் என்று நினைக்கும்போது இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

எபிரெயத்தில் இந்தப் பண்டிகைகளுக்கு மோஎத் என்று பெயர். குறித்த வேளை, குறித்த சந்திப்பு என்று அர்த்தம். நம் பழைய மொழிபெயர்ப்பில் ஆசரிப்புக் கூடாரம் என்று வருவதிலும் எபிரெயத்தில் இதே சொல்தான் இருக்கிறது, சந்திப்பின் கூடாரம். கூடாரம் சந்திக்கிற இடம் என்றால் பண்டிகை சந்திக்கிற நேரம். கடவுள் நாள் குறித்துக்கொண்டு மனிதரைப் பார்க்க வருகிறார். அப்புறம் அந்தச் சந்திப்புக்கு யார் யார் வரலாம் என்ற கேள்வி எழுகிறது. எங்கள் வகுப்பில் அந்தக் கேள்வி வரவே இல்லை.

அந்த அதிகாரத்தை வீட்டில் உட்கார்ந்து வரிவரியாக வாசித்தபோது 22ஆம் வசனத்தில் நின்றுவிட்டேன். 21ஆம் வசனத்தோடு வாரங்களின் பண்டிகை முடிகிறது. 23இல் எக்காளப் பண்டிகைக்கான கட்டளை தொடங்குகிறது. நடுவில், பண்டிகைக்குச் சம்பந்தமே இல்லாததுபோல ஒரு வசனம்: வெள்ளாண்மையை அறுக்கும்போது வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காதே, சிந்திக் கிடக்கிற கதிரைப் பொறுக்காதே, அதை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு, நான் உங்கள் தேவனாகிய கர்த்தர். சுவரில் மாட்டிய வரைபடத்தில் இதற்கு இடமில்லை. ஏழு கட்டங்களில் இது எதிலும் அடங்காது.

பரதேசி. அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. நம் தெருவில் அது வசைச் சொல். வேதாகமத்தில் அதற்கு உள்ளபடியே வேற்று தேசத்திலிருந்து வந்து தங்கியிருப்பவன் என்றுதான் பொருள். உபாகமம் 16ஆம் அதிகாரத்தில் இதே வாரங்களின் பண்டிகைக்கு ஒரு பந்திப் பட்டியலே இருக்கிறது. நீ, உன் மகன், உன் மகள், உன் வேலைக்காரன், வேலைக்காரி, உன் வாசலில் இருக்கிற லேவியன், உன்னிடத்தில் இருக்கிற பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை, எல்லாரும் கர்த்தருடைய சந்நிதியில் சேர்ந்து சந்தோஷப்பட வேண்டும். காரணமும் அடுத்த வசனத்திலேயே வருகிறது: நீ எகிப்தில் அடிமையாய் இருந்ததை நினைத்துக்கொள். அதாவது பண்டிகையை ஆசரிக்கிறவனே ஒரு காலத்தில் பரதேசி. நான் வாசலில் வைத்திருந்த நோட்டும் ஒரு பட்டியல்தான். கடவுள் கொடுத்த பட்டியலில் இருந்தவளை என் பட்டியலில் தேடி, பெயர் இல்லை என்று அனுப்பிவிட்டேன்.

இதை வாசித்த மறுநாள் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு குளத்தங்கரைக்குப் போனேன். சாலை வேலை அடுத்த ஊருக்கு நகர்ந்து எவ்வளவோ நாளாகியிருந்தது. கரி படிந்த மூன்று கல், தார்ப்பாய் கட்டிய குச்சிகள், கிழிந்த சிமெண்டுச் சாக்கு ஒன்று. அவ்வளவுதான் இருந்தது.

யூதர்கள் வாரங்களின் பண்டிகையில் வாசிக்கிற புத்தகம் ரூத். இதைத் தெரிந்துகொண்டபோது அந்த 22ஆம் வசனம் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கு விளங்கியது. ரூத் மோவாப் நாட்டுக்காரி, விதவை. வாற்கோதுமை அறுப்பு தொடங்குகிற சமயத்தில் மாமியாரோடு பெத்லகேமுக்கு வருகிறாள், வாற்கோதுமை அறுப்பும் கோதுமை அறுப்பும் தீருமட்டும் அடுத்தவர் வயலில் சிந்தின கதிரைப் பொறுக்குகிறாள். பஸ்காவிலிருந்து வாரங்களின் பண்டிகையான பெந்தெகொஸ்தே வரைக்குமான அதே ஏழு வார அறுப்புக்காலம்தான் இது. சாப்பாட்டு வேளையில் வயல்காரன் போவாஸ் அவளைத் தன் ஆட்களோடு உட்காரச் சொல்கிறான், வறுத்த கோதுமையை எடுத்துக் கொடுக்கிறான். அவள் திருப்தியாகச் சாப்பிட்டு, மீந்ததை எடுத்து வைக்கிறாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய் அந்த மீதியை மாமியார் நகோமிக்குக் கொடுக்கிறாள். எங்கள் ஊர்த் தூக்குவாளி மாதிரியேதான். இந்த ரூத்தின் பேரன் மகன் தாவீது. மத்தேயு எழுதிய இயேசுவின் வம்ச வரலாற்றில் ஐந்தாம் வசனத்தில் ரூத்தின் பெயர் நிற்கிறது. பெத்லகேமில் ஒருவன் வயலோரத்தை விட்டுவைத்ததால் பிழைத்த குடும்பம் அது. அந்தக் குடும்பத்தில்தான் நம் ஆண்டவர் பிறந்தார். பண்டிகைகள் கிறிஸ்துவில் நிறைவேறின என்று நாம் சொல்கிறோமே, அதில் இந்த வயலோரத்துக்கும் பங்கு உண்டு என்று நான் முழு மனதோடு நம்புகிறேன்.

இந்த ஓரத்தை எவ்வளவு விட வேண்டும்? யூத போதகர்களான ரபிமார் தொகுத்த மிஷ்னாவில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது, பேயா என்று பெயர், ஓரம் என்று அர்த்தம். இத்தனை என்று அளவு வைக்கப்படாதவற்றில் வயலோரமும் ஒன்று என்றுதான் அது தொடங்குகிறது. ஆனால் அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்று உடனே சேர்த்துக்கொள்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு விதி. வயலோரத்தை யாருக்குக் கொடுப்பது என்று வயல்காரன் முடிவு செய்ய முடியாது. எளியவர்கள் தாங்களே வந்து அறுத்துக்கொள்வார்கள். வேண்டியவனைக் கூப்பிட்டுக் கொடுப்பதும் வேண்டாதவனை விரட்டுவதும் அவன் உரிமையில் இல்லை. அங்கே டோக்கனுக்கு வேலையே கிடையாது.

எக்காளப் பண்டிகையைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. பாவநிவிர்த்தி நாளைப் பற்றி எபிரெயர் நிருபமே விரிவாகப் பேசிவிட்டது. வருஷத்துக்கு ஒரு நாள் பிரதான ஆசாரியன் இரத்தத்தோடு மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போனதையும், கிறிஸ்து ஒரேதரம் பிரவேசித்ததையும் ஈஸ்டருக்கு முந்தின ஒவ்வொரு லெந்து காலத்திலும் கேட்கிறோம். அந்த நாளில் இரண்டு வெள்ளாடுகளில் ஒன்றைப் பலியிட்டு, மற்றதின் தலையில் ஜனத்தின் பாவங்களை அறிக்கையிட்டு வனாந்தரத்துக்கு அனுப்புவார்கள். நம் மொழிபெயர்ப்பில் அதற்குப் போக்காடு என்று பெயர். அந்தச் சொல்லை முதலில் ஆக்கியவரை நான் மனதுக்குள் பலமுறை வாழ்த்தியிருக்கிறேன். வெறும் நான்கு எழுத்தில் அந்த ஆடு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போவது தெரிகிறது.

கூடாரப் பண்டிகை வேறு. ஏழு நாள் வீட்டை விட்டு இறங்கி, மரக்கிளையும் ஓலையும் கொண்டு கட்டின குடிலில் இருக்க வேண்டும். அறுப்பெல்லாம் முடிந்து, களஞ்சியம் நிறைந்து, திராட்சையும் ஒலிவமும் சேர்த்தாகிவிட்ட நேரம். இனி நமக்கென்ன குறை என்று மனது உட்கார்ந்துவிடுகிற அந்தச் சமயம் பார்த்து, எழுந்து வெளியே வா, உன் முன்னோர் வனாந்தரத்தில் தார்ப்பாய்க்குக் கீழே இருந்தவர்கள் என்று சொல்கிற பண்டிகை. (தார்ப்பாய் என்று நான்தான் சொல்கிறேன். எனக்கு அப்படித்தான் தெரிகிறது.) எண்ணாகமம் 29இல் இந்தப் பண்டிகைக்கான காளைகளைக் கூட்டிப் பாருங்கள். முதல் நாள் 13, அடுத்த நாள் 12 என்று குறைந்துகொண்டே வந்து ஏழாம் நாள் 7. மொத்தம் 70. உலகத்தின் எழுபது ஜாதிகளுக்காக, அதாவது எழுபது தேசத்து ஜனங்களுக்காக என்று ரபிமார் இதற்கு விளக்கம் சொன்னார்கள். சகல ஜாதிகளிலும் மீதியானவர்கள் எருசலேமுக்கு வந்து கூடாரப் பண்டிகையை ஆசரிப்பார்கள் என்று சகரியா தீர்க்கதரிசி சொல்வதும் இதே திசையில்தான். பண்டிகைகள் வருஷக் கடைசியை நெருங்க நெருங்க வாசல் அகலமாகிக்கொண்டே போகிறது.

இயேசு இந்தப் பண்டிகைக்குப் போனதை யோவான் 7ஆம் அதிகாரத்தில் விவரிக்கிறார். அந்த நாட்களில் ஆசாரியன் சீலோவாம் குளத்தில் பொற்குடத்தில் தண்ணீர் மொண்டு வந்து பலிபீடத்தில் ஊற்றுவான். வெயில் காலம் முழுவதும் காய்ந்து கிடந்த தேசம், மழைக்காகக் காத்திருக்கிற நேரம். அப்படிப்பட்ட கடைசி நாளில் இயேசு எழுந்து நின்று சத்தமிட்டு, "ஒருவன் தாகமாயிருந்தால் என்னிடத்தில் வந்து, பானம்பண்ணக்கடவன்" என்றார். ஒருவன் என்றார். எந்த ஒருவன் என்று கேட்கவில்லை.

சபை இதைச் சீக்கிரமே மறந்தது. கொரிந்துவில் கர்த்தருடைய பந்தி எப்படி நடந்தது என்று பவுல் எழுதுகிறார்: "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்." வசதியானவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட்டார்கள், இல்லாதவர்கள் வெட்கப்பட்டு நின்றார்கள். இது கர்த்தருடைய இராப்போஜனமே இல்லை என்று அவர் கொதிக்கிறார். நம் ஊர்க் கதையும் இதற்குக் குறைந்ததில்லை. கிறிஸ்தவர்கள் கோயிலுக்குள் ஜாதிவாரியாகப் பிரிந்து உட்கார்ந்ததும், அப்பமும் திராட்சரசமும் பெறுகிற நற்கருணையைத் தனித்தனியாக வாங்கியதும் நம் திருச்சபை வரலாற்றில் எழுதியே இருக்கிறது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் ஜாதி வேற்றுமையை உடனே ஒழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். ஒரே பாத்திரத்தில் குடிப்பதைவிட வெளியேறுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. இதை எழுதும்போது எனக்கு வலிக்கிறது, அவர்கள் பாடின அதே ஞானப்பாட்டுகளைத்தான் நானும் பாடுகிறேன்.

இதற்கு எதிராக ஒரு நல்ல காட்சியும் நம்மிடம் உண்டு. ஏறத்தாழ 155ஆம் ஆண்டில் சிமிர்னாவின் பிஷப் போலிகார்ப், வயதான காலத்தில் ரோமுக்குப் போனார். ஆசியா என்ற அவருடைய ரோம மாகாணத்தில் (இன்றைய துருக்கிப் பகுதி) யூத மாதக் கணக்குப்படி 14ஆம் தேதியிலேயே பஸ்கா, அதாவது நம் ஈஸ்டர், ஆசரித்தார்கள், ரோமில் ஞாயிற்றுக்கிழமையில். ரோமின் பிஷப் அனிசேத்து தன் வழக்கத்தை விடவில்லை, போலிகார்ப்பும் விடவில்லை. பேசிப் பார்த்தும் முடிவு வரவில்லை. ஆனாலும் அனிசேத்து தன் சபையில் நற்கருணையை நடத்தும் மரியாதையைப் போலிகார்ப்புக்குக் கொடுத்தார், இருவரும் சமாதானமாகப் பிரிந்தார்கள் என்று பழைய சபை வரலாற்றாசிரியர் யூசேபியு எழுதி வைத்திருக்கிறார். 325இல் பிஷப்புகள் கூடிய நிசேயா சங்கம் எல்லாருக்கும் ஒரே நாள் என்று தீர்மானித்தது. எனக்கு அந்தத் தீர்மானத்தைவிட இந்த இரண்டு பேர் பெரிதாகத் தெரிகிறார்கள். நாளில் ஒத்துப்போக முடியாதவர்கள் பந்தியில் ஒன்றாக நின்றார்கள்.

சமீப காலமாக நம் சபைகள் சிலவற்றில் ஆட்டுக்கொம்பு ஊதுகிறார்கள், யூதர்களைப் போலவே பஸ்கா விருந்தை மேஜை போட்டு நடத்துகிறார்கள். ஆர்வம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் எனக்கு அதில் சம்மதமில்லை. யூதர்கள் இன்று பஸ்கா ராத்திரியில் நடத்துகிற முறைமை, கி.பி. 70இல் தேவாலயம் இடிந்த பிறகு, பலி செலுத்த இடமில்லாத ஒரு ஜனம் தன் நினைவைக் காப்பாற்றிக்கொள்ள நூற்றாண்டுகளாகக் கட்டி எழுப்பியது. அவர்களுடைய கண்ணீரை நாம் எடுத்து உடுத்திக்கொள்ள வேண்டாம். லேவியராகமத்திலிருந்து ஏதாவது ஒன்றை அப்படியே கடைப்பிடிக்க ஆசையிருந்தால் 22ஆம் வசனம் இருக்கிறதே. அதற்குக் கொம்பு வாங்க வேண்டியதில்லை.

சரி, எங்கள் ஊருக்கு வருகிறேன். டோக்கன் இன்றும் இருக்கிறது. அது வேண்டாம் என்று நான் வாதாடவில்லை, சோறு பற்றாமல் போனால் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் பண்டிகைக் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து பேயாவைப் பற்றிச் சொன்னேன். நாம் அறுநூறு கிலோ அரிசி வடிக்கிறோம், அறுபதில் ஒரு பங்கு என்றால் பத்து கிலோ, அந்தப் பத்து கிலோவுக்கு டோக்கன் கேட்காமல் வாசல் பக்கம் ஒரு பந்தி போடலாம், யார் உட்கார்ந்தாலும் யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பொருளாளர் அண்ணாச்சி கணக்கு நோட்டை மூடிவிட்டு, "பத்து கிலோவுக்கா தம்பி இவ்வளவு பேசுதீங்க? ஐம்பதாப் போட்ருவோம்" என்றார். உபதேசியார் அங்கேயே ஜெபம் பண்ணிக் கூட்டத்தை முடித்தார்.

போன வருஷம் அந்தப் பந்தியில் பரிமாறினேன். வீடு கட்டுகிற வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் ஆறு பேர் வந்தார்கள். சீக்கிரம் எழுந்துவிடத் தோதாக, வரிசையின் கடைசியில் வாசலை ஒட்டி உட்கார்ந்தார்கள். அதில் சின்னவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. இலையில் பாதிச் சோற்றைத் தொடாமல் ஓரமாக ஒதுக்கி வைத்துக்கொண்டே சாப்பிட்டான். பிடிக்கவில்லையோ என்று கறிக் குழம்பைக் காட்டிக் கேட்டேன். தலையை ஆட்டிவிட்டு, கையால் நெற்றியைத் தொட்டு, தங்கியிருக்கும் அறைப் பக்கம் காட்டினான். அங்கே இன்னொருவன் காய்ச்சலில் படுத்திருக்கிறான். ஒதுக்கினது அவனுக்காம். நீ இதைச் சாப்பிடு என்று சைகையில் சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுத் தூக்குவாளியில் சோறும் குழம்பும் நிறைய வைத்து அவன் பக்கத்தில் வைத்தேன்.

மறுநாள் காலை முதல் மணி அடிப்பதற்கு முன்பே அந்த வாளி எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்து, துடைத்து, மூடியைச் சரியாகப் பொருத்தி வைத்திருந்தான்.